தையல் பிரித்து ஒரு மாதம் கழித்துக் கசியும் புண்

ஆசிரியருக்கு வணக்கம்.

பித்தப்பைக் கல், குடலிறக்கம், கருப்பைக் கட்டி என்று எதற்குப் போனாலும் இப்போது லேப்ராஸ்கோப்பிதான். மூன்று நான்கு சின்னத் துளைகள், இரண்டொரு நாளில் வீடு. பெரும்பாலோருக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும், தையல் பிரித்துக் காயம் நன்றாக ஆறிய பிறகு, மூன்று முதல் எட்டு வாரத்துக்குள் தொப்புள் துளையிலோ மேல்வயிற்றுத் துளையிலோ பட்டாணி அளவில் ஒரு கட்டி எழும்பும். மேல்தோல் கருஞ்சிவப்பாகி, உடைந்து, நீர்த்த சீழ் கசியும். காய்ச்சல் இருக்காது, பசியும் கெடாது. அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “நூல் ஒத்துக்கலை” என்பார்கள். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். அடங்கியதுபோல் இருந்து மறுபடி கசியும். இப்படி டிரெஸ்ஸிங் அறை வாசலிலேயே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் உண்டு.

வழக்கமான சீழ்த்தொற்று அறுவை முடிந்த 5 முதல் 10 நாளில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு மாதம் தாண்டித் தலைகாட்டுவது வேறு ரகமாக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியா வகைகள் தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பவை. கருவிகளின் மூட்டிலும் இடுக்கிலும் ஒட்டிய திசுவைக் கழற்றித் தேய்க்காமல், 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினித் திரவத்தில் 20 நிமிடம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசினால் இவை தப்பிவிடும். அந்த 20 நிமிடம் கிருமியைக் குறைக்கும், அவ்வளவே. முழுமையாக ஒழிக்க 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். அடுத்தடுத்து நோயாளி காத்திருக்கும் அரங்கில், இருப்பது ஒரே செட் கருவி என்றால், யார் பத்து மணி நேரம் பொறுப்பார்கள்?

நோயாளி பக்கம் செய்ய வேண்டியது முதலில் பரிசோதனை. சாதாரண சீழ் கல்ச்சரில் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) பெரும்பாலும் 48 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் கிருமி வளர அதைவிட நாளாகும். ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். அதை ‘தொற்று இல்லை’ என்று படிக்கக் கூடாது. பஞ்சில் ஒற்றிய சீழைவிடப் புண்ணின் அடிச்சதை மேல். அதில் ஒரு துண்டு ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) பயாப்சிக்கு, இன்னொரு துண்டு சலைனில் (உப்புநீர்) மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு. இரண்டையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வீண். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மாதிரி எடுக்கும் அன்றே எத்தனை டப்பா என்று கேட்டுவிடுங்கள். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் இந்தக் கிருமி இல்லையென்று ஆகாது. வழக்கமான காசநோய் மாத்திரைகள் இவற்றில் பலவற்றுக்குக் கேட்பதும் இல்லை.

கேட்கும் விதமும் முக்கியம். “சரியாவே பார்க்கலை” என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியும். தேதியும் எண்ணிக்கையும் பேசட்டும்: “டாக்டர், ஆறின காயம் உடைஞ்சு இன்னையோட 40 நாள். மூணு தடவை மாத்திரை மாத்தியாச்சு. சதை எடுத்து மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்பலாமா? வேண்டாம்னா காரணத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்க.” இரண்டு நாளுக்கு ஒருமுறை புண்ணைப் படமெடுத்து வைத்திருந்தால் இன்னும் பலம்.

வேறு மருத்துவரிடம் போவதென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு, முந்தைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள், கொடுத்த மருந்து விவரம் எல்லாம் வேண்டும். எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கிருமி உறுதியானால் கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளை, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்து, மாதக்கணக்கில் எடுக்க நேரும். சிலருக்குப் புண்ணை வெட்டி அகற்றவும் வேண்டும். கிருமியின் இனம் தெரியாமல் மருந்தைத் தேர்வது குருட்டுத்தனம். ஓர் இனத்துக்குக் கேட்பது இன்னொன்றுக்குக் கேட்காது. அமிகாசின் ஊசி போட்டால் சிறுநீரகம் சரியா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும்; காதில் இரைச்சல் வந்தால் அன்றே சொல்ல வேண்டும். லினசோலிட் மருந்து இரண்டு வாரம் தாண்டினால் வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை. புண் மூடியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரக்கூடும்.

வயிற்றுவலி ஏறிக்கொண்டே போவது, மஞ்சள் காமாலை, குளிர்க்காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் இவையெல்லாம் வேறு கணக்கு. அவற்றுக்குக் கல்ச்சருக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். லேப்ராஸ்கோப்பி செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் கருவியில் கிருமி நீக்கியது ஆட்டோகிளேவிலா (அழுத்த நீராவி), இ.டி.ஓ.விலா (எத்திலீன் ஆக்சைடு வாயு), திரவத்திலா, எத்தனை நேரம் என்று நோயாளியின் கேஸ் ஷீட்டிலேயே பதியட்டும். ஒரே மேஜையில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு இப்படிப் புண் வந்தால் எந்தக் கருவி, எந்தத் தேதி என்று தேடிப் பிடிக்க அந்த ஒரு வரிதான் உதவும்.

ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்கள்,
மதுரை.