டைனமோவ மாத்தினா வண்டி உசுரு போயிடாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய கார் கண்காட்சி பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். போட்டோவெல்லாம் அருமை, ஆனா நடுவுல ஒரு வரி மனசுல குத்திருச்சு. பழைய வண்டில டைனமோவ கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போடறவங்க அந்த வண்டியோட உசுரையே எடுத்துடறாங்கன்னு எழுதியிருந்தீங்க. (ரெண்டுமே எஞ்சின் சுத்தும்போது கரண்ட் எடுத்து பேட்டரிய சார்ஜ் பண்ற சாமான்தான்; டைனமோ பழசு, ஆல்டர்னேட்டர் அதுக்கு அப்புறம் வந்தது.) லாரில ஏத்திட்டு வந்து பந்தல்ல நிறுத்தற வண்டிக்கு வேணா அது பொருந்தும். ரோட்டுல ஓடற வண்டிக்கு பொருந்தாதுங்க, அதான் இத எழுதறேன்.

எங்க வீட்ல இருக்கறது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல், நாலு கதவு, மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. அப்பா ஓட்டினது, இப்ப நான் ஓட்டறேன். தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஹெரால்டு பானெட்டு முழுசா முன்னாடி மல்லாந்துரும், முன் டயர் மேல உக்காந்துக்கிட்டே எஞ்சின் வேல பாக்கலாம். அப்பா அப்படித்தான் உக்காந்து டைனமோவ கழட்டுவார். கம்யூட்டேட்டர, அதாவது உள்ள சுத்தற தண்டு மேல செம்புப் பட்டை பட்டையா இருக்கற உருளைய, நைஸ் எமரி பேப்பர் வச்சு தேச்சு, செம்புப் பட்டைங்களுக்கு நடுவுல இருக்கற மைக்காவ ஹேக்சா பிளேடு துண்டால ஒவ்வொரு கோடா கீறி விட்டு, அந்தப் பட்டை மேல உரசி கரண்ட் எடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சிருந்தா மாத்தி, பின் புஷ்ஷுக்கு ரெண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுவார். அப்புறம் பெல்ட் மாட்டறதுக்கு முன்னாடி டைனமோவுல D, Fன்னு இருக்கற ரெண்டு ஒயர் முனையையும் ஒண்ணா சேத்து பேட்டரில இருந்து கரண்ட் குடுப்பார், டைனமோ மோட்டார் மாதிரி ஒரே சீரா சுத்தும், சுத்தினா நல்லா இருக்குன்னு அர்த்தம். அத பாத்து வளந்தவன் நான், எனக்கு டைனமோ மேல வெறுப்பெல்லாம் கிடையாது.

ஆனா அதோட கணக்க பாருங்க. லூகாஸ் டைனமோ புதுசா நல்லா இருக்கும்போதே மாடலப் பொறுத்து 19 இல்லன்னா 22 ஆம்பியர்தான், அதுவும் எஞ்சின் நல்லா சுத்தினாத்தான். ஐடிலிங்ல, அதாவது வண்டி நின்னு எஞ்சின் மட்டும் மெதுவா ஓடறப்ப, அனேகமா ஒண்ணுமே வராது, டேஷ்போர்டுல செவப்பு லைட் மினுக் மினுக்னு எரியும். ஹெட்லைட் ரெண்டும் சேந்து எட்டு பத்து ஆம்பியர், இக்னிஷனுக்கு ஒரு மூணு நாலு, வைப்பர் ஒரு மூணு, பின் லைட்டு, பிரேக் லைட்டு, ஹாரன்... எல்லாத்தையும் பேட்டரிதான் குடுக்கணும். அந்தக் காலத்துல ரோடு காலியா இருந்துச்சு, வண்டி நிக்காம ஓடுச்சு, டைனமோவுக்கு அது போதும். இன்னைக்கு ஒரு சிக்னல் தாண்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நான் சொல்லணுமா.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏற்காட்டுல இருந்து ராத்திரி இறங்கிட்டு இருந்தோம், பனின்னா அப்படி ஒரு பனி. ஒரு கொண்டை ஊசி வளைவுல பஸ் ஒண்ணு நின்னுபோய் முன்னாடி பின்னாடி எல்லா வண்டியும் நின்னுருச்சு. லைட்ட அணைக்க முடியாது, வைப்பர நிறுத்த முடியாது, எஞ்சின் ஐடிலிங்ல முக்கால் மணி நேரம். ஹெட்லைட் வெள்ளையா இருந்தது மஞ்சளாச்சு, மஞ்சள் செவப்பாச்சு, பின் லைட் இருக்கற எடமே தெரியல. மகன் இறங்கி வண்டிக்கு பின்னாடி செல்போன் டார்ச்ச ஆட்டிக்கிட்டு நின்னான், மேல இருந்து வர்றவன் இடிச்சுடக் கூடாதேன்னு. கடைசில எஞ்சினும் அணஞ்சிருச்சு, வழி விட்டதும் சரிவுல உருட்டி செகண்ட் கியர்ல கிளட்ச விட்டு ஸ்டார்ட் பண்ணித்தான் வீடு வந்து சேந்தோம். அந்த விஷயத்துல டைனமோவ மெச்சணும், பேட்டரி சுத்தமா இறங்கியிருந்தாலும் சுத்த ஆரம்பிச்சா தானா கரண்ட் எடுத்துக்கும், ஆல்டர்னேட்டர் அப்படி செய்யாது. ஆனா மகன் அந்த இருட்டுல நின்ன நெனப்பு என்னை தூங்க விடல, அடுத்த மாசமே மாத்திட்டேன்.

போட்டது மாருதி 800 ஆல்டர்னேட்டர். பிராக்கெட் புதுசா செஞ்சோம், பெல்ட் அகலத்துக்கு புல்லிய லேத்துல கடஞ்சோம், வண்டில ஒரு ஓட்டை கூட புதுசா போடல. என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனை வண்டி பாடியோட சேந்திருக்கும், அத நெகட்டிவ் எர்த் ஆக்கணும், பேட்டரி திருப்பி, காயில் ஒயர் மாத்தி குடுத்து, ஆம்ப் மீட்டர் ஒயரயும் மாத்தணும். இத செய்யாம அப்படியே ஆல்டர்னேட்டர மாட்டினா உள்ள கரண்ட ஒரே பக்கமா விடற டயோடு அந்த நிமிஷமே போயிடும். டைனமோ கரண்ட கட்டுப்படுத்தற பழைய கட்-அவுட் பெட்டிக்கு வேலையே இல்ல, ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டர் உள்ளயே இருக்கு. பேட்டரிக்குப் போற ஒயர தடிமனா புதுசு இழுக்கணும், இருபது ஆம்பியருக்கு போட்ட அம்பது வருஷத்து ஒயர்ல அதுக்கு மேல விட்டா சூடாகி உருகும். அந்த செவப்பு சார்ஜ் லைட் பல்பு இருக்கே, அது சும்மா எச்சரிக்கைக்கு இல்ல, ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் அது வழியாத்தான் போகுது, பல்பு ஃபியூஸ் ஆச்சுன்னா சார்ஜே ஆரம்பிக்காது.

எனக்கு நடந்த நஷ்டத்தையும் சொல்லிடறேன், யாருக்காவது உபயோகப்படும். மாட்டின பத்தாம் நாள் வேற ஒரு வேலைக்கு வண்டிய விட்ட எடத்துல, சார்ஜ் ஆகுதான்னு பாக்கறேன்னு எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினல கழட்டிட்டாங்க. டைனமோ வண்டில காலங்காலமா செய்யற பழக்கம் அது. ஆல்டர்னேட்டர்ல அப்படி செஞ்சா வோல்டேஜ் தாறுமாறா ஏறி டயோடும் ரெகுலேட்டரும் போயிடும், எனக்கும் போச்சு, வேற வாங்க வேண்டியதாச்சு. ஆல்டர்னேட்டர் போட்ட பழைய வண்டி வச்சிருக்கறவங்க மெக்கானிக்கிட்ட இத முதல்லயே சொல்லி வச்சுடுங்க. வெல்டிங் வைக்கறப்பவும் பேட்டரிய கழட்டிட்டுத்தான் வைக்கணும்.

இன்னொண்ணு, ஆல்டர்னேட்டர் ஏதோ நேத்து வந்த சாமான் மாதிரி கட்டுரைல இருந்துச்சு. க்ரைஸ்லர் கம்பெனி அமெரிக்கால 1960லயே வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டர் போட்டே வித்துச்சு, நம்ம ஹெரால்டு மெட்ராஸ்ல உருவாக ஆரம்பிச்சது 1961ல. வெளிய பாத்தா டைனமோ, உள்ள ஆல்டர்னேட்டர்னு பிரிட்டன்ல பழைய வண்டிக்காரங்களுக்குன்னே செஞ்சு விக்கறாங்க, தோற்றம் மாறக் கூடாதுங்கறவங்க அத வாங்கிக்கலாம், வெலைதான் ஜாஸ்தி.

அப்பாவோட டைனமோவ நான் பழைய இரும்புக் கடைக்கு போடல. சுத்தம் பண்ணி, ஆயில் தடவி, கட்-அவுட் பெட்டி, பழைய பிராக்கெட், போல்ட் நட்டு எல்லாத்தையும் சேத்து ஒரே பெட்டில பரண் மேல வச்சிருக்கேன், எந்த ஒயர் எங்க போச்சுன்னு வரஞ்சு உள்ளயே போட்டிருக்கேன். கண்காட்சில டைனமோ இருந்தாத்தான் சேத்துக்குவோம்னு சொன்னா ஒரு நாள்ல திரும்ப மாட்டிக்கிட்டு வந்துடுவேன். திரும்பிப் போறப்ப ராத்திரியாச்சுன்னா மட்டும் எனக்கு ஆல்டர்னேட்டர் வேணும்.

இப்படிக்கு,
ஹெரால்டு ஓட்டும் ஒரு வாசகன்,
சேலம்