பிறவியிலேயே வலது காது இல்லாத என் மகளுக்குச் செயற்கைக் காது பொருத்த உதவி கோரும் மனு

அனுப்புநர்: பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாய், ரைஸ் மில் பின்தெரு.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் முன்பு கொடுத்த என் மனுக்கள் (ரசீது நகல்கள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வலது காது மடல் இல்லை. அந்த இடத்தில் பட்டாணி அளவு சதை மட்டும் இருக்கிறது, துவாரமும் கிடையாது. டாக்டர்கள் இதை மைக்ரோஷியா என்கிறார்கள். முந்தைய மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

1. உபகரணம் கேட்டால் 40 சதவீத ஊனச் சான்று கேட்கிறார்கள். செவித்திறன் கணக்கில் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, மற்றதற்கு ஒரு பங்கு வைத்து ஆறால் வகுக்கிறார்கள். ஒரு காது முழுக்கக் கேட்காவிட்டாலும் 17 சதவீதத்தைத் தாண்டாது. காது மடலே இல்லை என்பதற்கு அதில் இடமில்லை. ஆசிட் வீச்சில் உருவம் சிதைந்தவர்களை 2016 சட்டம் மாற்றுத்திறனாளிகள் என்று ஏற்கிறது, அது சரிதான். பிறக்கும்போதே இல்லாதவள் எந்தப் பட்டியலில் வருவாள்?

2. செயற்கைக் காதைப் பல் மருத்துவமனையில், பல் கட்டும் பிரிவில் செய்கிறார்கள் (எனக்கும் முதலில் வியப்புதான்). நல்ல காதை அளவெடுத்து, அதற்கு எதிர்ப்பக்கமாக மெழுகில் செதுக்கி, தோல் நிறத்துக்குச் சிலிக்கோனில் வார்க்கிறார்கள். பசை போட்டு ஒட்டலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்தால் விட்டுவிடும். எலும்பில் டைட்டானியம் திருகு வைத்துக் காந்தத்தில் பிடிக்கச் செய்தால் நிற்கும். செலவு அதில்தான்.

3. "அழகுக்காகக் கேட்பதுதானே" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஐயா, அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியை எதில் மாட்டுவாள்? இடது பக்கம் காதில் நிற்கிறது, வலது பக்கம் அந்தரத்தில் தொங்குகிறது. எலாஸ்டிக் கட்டிச் சடையோடு முடிகிறேன். குனிந்து எழுதினால் நழுவுகிறது. பிளாஸ்திரி ஒட்டினால் மத்தியானத்துக்குள் வியர்வையில் உரிந்து, கன்னப்பொட்டில் புண். பஸ் நெரிசலில் விழுந்து பிரேம் உடைந்ததும் உண்டு. தாங்கள் ஆய்வுக்கு வந்தீர்களே, அதே ரோட்டோரப் பள்ளிதான். லாரிச் சத்தத்தில் பாடம் காதில் விழ, இடது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி வலது ஓரத்தில் உட்காருகிறாள். அங்கிருந்து பார்த்தால் போர்டில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. கண்ணாடி போட்டால் அதைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும், கழற்றினால் எழுத்து தெரியாது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள், காப்பி அடிக்கிறாள் என்று திட்டும் வாங்குகிறாள்.

லென்ஸ் போடலாமே என்பார்கள். எங்கள் தெருவில் உமித் தூசி எப்படிப் பறக்கிறது என்று தங்களுக்குத் தெரியாதா? அந்தப் புகார்களும் தங்கள் மேஜையில்தானே கிடக்கின்றன!

இந்தக் காதால் கேட்காது என்று எங்களுக்கும் தெரியும் ஐயா. கண்ணாடியைத் தாங்கினால் போதும்.

4. விலாக் குருத்தெலும்பை எடுத்துக் காது அமைக்கும் ஆபரேஷனும் இருக்கிறது. நெஞ்சைக் கீற வேண்டாம் என்கிறாள். அவள் உடம்பு, நான் வற்புறுத்த மாட்டேன்.

5. ஆகவே, சதவீதக் கணக்கை ஒதுக்கிவைத்து, இந்த வசதியுள்ள அரசு பல் மருத்துவமனைக்குத் தங்கள் கடிதத்துடன் அவளை அனுப்ப வேண்டும். செலவைக் காப்பீட்டிலோ தங்கள் விருப்புரிமை நிதியிலோ ஏற்க வேண்டும். சிலிக்கோன் சில வருடங்களில் நிறம் மங்கிவிடும், மாற்றித் தரவும் வழி செய்ய வேண்டும். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள், அடுத்து எங்கே போவது என்று பார்க்கிறேன். மார்ச்சில் பொதுத்தேர்வு ஐயா. அதற்குள் ஏதாவது செய்யுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
மாணவியின் தாய்