‘பேத்தி கல்யாணம்’ என்று எழுதிய காசோலை

அமெரிக்காவில் உள்ள தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வரும் பொங்கல் விழாவில், பட்டிமன்றத்துக்கு முன்னால் மெடிகெய்ட் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு மருத்துவச் செலவையும் முதியோர் இல்லச் செலவையும் ஏற்கும் அரசு உதவித் திட்டம் அது.

மூன்று வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்துக்கு அம்மா 30,000 டாலர் கொடுத்தார். காசோலையின் ஓரத்தில் தமிழில் ‘பேத்தி கல்யாணம்’ என்று எழுதியிருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து, அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். சேமிப்பெல்லாம் அங்கேயே கரைந்து 2,000 டாலருக்குக் கீழே வந்தபின் மெடிகெய்டுக்கு விண்ணப்பித்தோம். அதிகாரி அந்தக் காசோலை நகலைக் காட்டி, “இது என்ன எழுத்து?” என்று கேட்டார். படித்துச் சொன்னேன். குறித்துக்கொண்டார். அப்புறம், மூன்று மாதத்துக்கு உதவி கிடையாது என்று கடிதம் வந்தது.

பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதக் கணக்கைப் பார்க்கிறார்கள். அதற்குள் யாருக்காவது சும்மா கொடுத்த தொகையை, மாநிலம் நிர்ணயித்த சராசரி மாத இல்லச் செலவால் வகுக்கிறார்கள்; எத்தனை வருகிறதோ அத்தனை மாதம் உதவி கிடையாது. எங்கள் மாநிலத்தில் அந்த மாதச் செலவு சுமார் 10,000 டாலர். கொடுமை என்னவென்றால், அந்த மூன்று மாதம் கல்யாணத் தேதியிலிருந்து ஓடாது. 2006இல் வந்த சட்டப்படி, இல்லத்தில் சேர்ந்து, கைக்காசு தீர்ந்து, மற்ற எல்லாத் தகுதியும் வந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். காசு இல்லாத நேரம் பார்த்துத்தான் காசு கேட்கிறது சட்டம்.

“வருஷத்துக்கு 19,000 வரைக்கும் கொடுக்கலாமே” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அது 2025இன் அன்பளிப்பு வரிக் கணக்கு. மெடிகெய்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

அம்மா அந்தப் பணத்தைக் கொடுத்தபோது தனியாகக் கோவிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். உதவி பெறுவதற்காகக் கொடுக்கவில்லை என்று நிரூபித்து வாதாட வழி உண்டாம். எங்களுக்கு அது தெரியவந்தபோது முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டது. அந்த மூன்று மாதச் செலவை அண்ணனும் நானும் பிரித்துக் கட்டினோம். எங்களால் முடிந்தது. முடியாத வீடுகள் உங்கள் சங்கத்திலும் இருக்கும்.

பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவது பொங்கலன்றுதான். முதியோர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதனால் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். உடன் இரண்டு வருடமாவது தங்கிப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு வீட்டை எழுதிக்கொடுப்பது பற்றியும் அவரிடம் கேளுங்கள், அதற்குத் தனி விதிவிலக்கு இருக்கிறது. தமிழில் சொல்ல நான் வருகிறேன். அந்தக் காசோலை நகலையும் கொண்டுவருகிறேன்.

அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. பேத்திக்குக் கொடுத்ததை நினைத்து அவர் வருந்தக் கூடாது.

அன்புடன்,
ஒரு மகள்