லேப்டாப்பை இப்போதைக்கு மாற்றாதே

அன்புள்ள கதிர்,

கடிதம் கிடைத்தது. உன் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும், நமக்கு வயசாகிவிட்டது என்பதுதான் முதலில் உறைத்தது. என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்ட விஷயம். நாலு ஜிபி ராமில், புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைத் திறந்தாலே லேப்டாப் திணறுகிறது, புதுசு வாங்கட்டுமா என்கிறாய். வேண்டாம். பிரவுசர் ஒழுங்காக ஓடுகிறதா? அது போதும். நீ கோட் வைத்திருக்கும் கிட்ஹப் கணக்கிலேயே கோட்ஸ்பேசஸ் இருக்கிறது, பிரவுசர் வழியாக கோட் எழுதி ஓட்ட இரவல் கிடைக்கும் மெஷின். உன் புராஜெக்ட் ஃபைல்கள் இருக்கும் ரெப்போவைத் திற, பச்சை நிற 'கோட்' பட்டனை அமுக்கு, கோட்ஸ்பேசஸ் பக்கத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கு. கொஞ்ச நேரத்தில் பிரவுசருக்குள்ளேயே விஎஸ் கோட் எடிட்டர் வந்து நிற்கும், கீழே கட்டளை அடிக்கும் லினக்ஸ் டெர்மினலோடு. கம்பைல் ஆவதெல்லாம் எங்கோ இருக்கும் மெஷினில்.

தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி இலவசம் (ஒரு பிராசஸர் கோர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கோர்-மணி), 15 ஜிபி சேமிப்பும் உண்டு. 2 கோர் மெஷின் எடுத்தால் 60 மணி நேரம். மாலையில் மட்டும் உட்காருகிற உனக்கு இது தாராளம். 30 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் சேமிப்புக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் முடிந்துபோனவற்றை அழித்துவிடு. நீயாக அழிக்காவிட்டாலும் 30 நாள் திறக்காமல் கிடந்தால் அதுவே அழிந்துவிடும், கிட்ஹப்புக்குத் திருப்பி அனுப்பாத (புஷ் செய்யாத) வேலையும் சேர்ந்து.

அப்புறம், முக்கியமானது. அந்த மெஷினை உன் சொந்த மெஷினாக நினைக்காதே. டெர்மினலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்கிற பழக்கம் உனக்கு உண்டு, எனக்குத் தெரியும். ஒருமுறை ரீபில்ட் செய்தால், அதாவது மெஷினைப் புதிதாகக் கட்டினால், 'ஒர்க்ஸ்பேசஸ்' டைரக்டரிக்கு வெளியே போட்டதெல்லாம் காலி. அதனால் தேவையானதை எல்லாம் ரெப்போவுக்குள்ளேயே, மெஷினில் என்னென்ன வேண்டும் என்று சொல்லும் டெவ்கன்டெய்னர் ஃபைலில் எழுதிவை. ஆரம்பத்துக்கு மூன்று வரி போதும்: எந்த இமேஜ் (தயாராகக் கிடைக்கும் அடிப்படை அமைப்பு), எந்த போர்ட் (சர்வரை அடையும் எண்), உருவானதும் ஓடவேண்டிய கட்டளை என்ன. உனக்கு பைதான் இமேஜ், போர்ட் 5000, அப்புறம் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலைப் படித்து அதில் உள்ள பைதான் லைப்ரரிகளை எல்லாம் இறக்கும் பிப் கட்டளை. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. டெவ்கன்டெய்னர் எல்லோருக்கும் பொதுவான வடிவம். நாளை உன்னிடம் நல்ல மெஷின் வந்தால், அதே ஃபைலை டாக்கரில் ஓட்டலாம். இந்த சேவைகள் நிலையானவை அல்ல. இதே மாதிரி பிரவுசரில் கோட் எழுதும் சேவையான கிளவுட்9-ஐ அமேசான் 2016-ல் வாங்கியது, 2024-ல் புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது.

சர்வரை ஓட்டினால் போர்ட்டுக்குத் தனி முகவரி கிடைக்கும். முதலில் அது உனக்கு மட்டும்தான் திறக்கும், பொதுவாக்கும் முன் ஒருதரம் யோசி. வேறு சேவைகளை அழைக்கும் ரகசியச் சாவியான ஏபிஐ கீயை கோடில் எழுதாமல் செட்டிங்ஸில் சீக்ரெட்டாகப் போடு.

எரிச்சல் இல்லாமல் இல்லை. எடிட்டரில் ஒரு ஃபைலை மூடுவதாக நினைத்து கன்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் பிரவுசர் டேபே மூடிவிடும். நெட் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சின்ன எழுத்துப்பிழை திருத்த இத்தனை ஏற்பாடும் தேவையில்லை: ரெப்போ பக்கத்தில் புள்ளி விசையை அமுக்கினால் வெறும் எடிட்டர் திறக்கும், கோர்-மணியும் செலவாகாது.

டேட்டாபேஸ் என்ன வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவில்லையே. போஸ்ட்கிரெஸ் என்றால் சொல், டேட்டாபேஸையும் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸோடு இணைத்த டெவ்கன்டெய்னர் ஃபைல் ஒன்று என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
முரளி