சேலத்துப் பத்திர எழுத்தர்களுக்கு: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

சேலம் மாநகரிலும் சுற்று வட்டாரத்திலும் கிரய ஒப்பந்தம், அதாவது சொத்து விற்பனைக்கு முன் போடும் உடன்படிக்கை, எழுதித் தரும் பத்திர எழுத்தர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு, அம்மாப்பேட்டையில் என் அப்பா தறி போட்டிருந்த வீட்டை விற்று, கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு வாங்கினோம். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. உயர்ந்த வாசற்படியும் பின்கட்டுக் குளியலறையும் அவருக்கு இனி ஆகாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தோம். எங்களிடம் வேறு சேமிப்பு கிடையாது. விற்கிற பணம் வந்தால்தான் வாங்க முடியும்.

பிடித்த வீடு கை நழுவிவிடக் கூடாதே என்று, வாங்கும் வீட்டுக்குத்தான் முதலில் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். எட்டு நாள் கழித்து எங்கள் வீட்டை விற்கும் ஒப்பந்தம். இரண்டையும் ஒரே எழுத்தர், ஒரே மேசையில், ஏப்ரல் மாதக் கடைசியை ஒட்டி எழுதினார். அனுபவம் உள்ளவர், நல்ல மனிதர். கணினியில் இருந்த படிவத்தில் பெயர், சர்வே எண், நான்கெல்லை, தொகை ஆகியவற்றை மட்டும் மாற்றினார். இரண்டிலும் 'இன்று முதல் மூன்று மாத காலத்திற்குள்' என்று இருந்தது. இரண்டிலும் 'தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது' என்றும் இருந்தது.

இதன் பொருள் எனக்கு ஜூலை மாதம்தான் உறைத்தது. நாங்கள் பாக்கித் தொகையைக் கட்ட வேண்டிய கெடு, எங்களுக்குப் பணம் வர வேண்டிய கெடுவுக்கு எட்டு நாள் முன்னால் நின்றது. எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாலும், யாருமே ஒரு நாள்கூடத் தாமதிக்காவிட்டாலும், நாங்கள் தவறியவர்களாகத்தான் ஆகியிருப்போம். அந்தத் தவறு காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டை வாங்க வந்தவரும் ஓமலூர்ப் பக்கம் இருந்த தன் நிலத்தை விற்றுத்தான் பணம் தரவிருந்தார். அதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த நிலத்தை வாங்குபவர், ஆடியில் கிரயம் செய்ய மாட்டேன், ஆவணி முதல் முகூர்த்தத்தில்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் அவரைக் குறை சொல்ல முடியுமா? கோட்டை மாரியம்மனுக்கு ஊரே திரண்டு நிற்கும் மாதத்தில் பால் காய்ச்சவோ பத்திரம் பதியவோ யார் முன்வருவார்கள்? ஆனால் ஏப்ரல் கடைசியில் மூன்று மாதக் கெடு போட்டால் அது ஆடியில்தான் வந்து விழும். உங்கள் அலுவலகச் சுவரிலேயே நாள்காட்டி தொங்குகிறது. அன்று அதை ஒருவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

நான் கேட்பது இதுதான். ஒப்பந்தம் எழுத உட்காரும் ஒவ்வொருவரிடமும், வாங்குபவரோ விற்பவரோ, ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் கிரயம் வேறு ஏதாவது கிரயத்தை நம்பி இருக்கிறதா?' ஆம் என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எந்தச் சொத்து, எந்தத் தேதி ஒப்பந்தம், அது எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் இந்த ஒப்பந்தம் என்ன ஆகும், முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று பச்சையாக எழுதுங்கள்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தத்துக்கு இடம் கொடுக்கிறது. குறித்த காலத்துக்குள் ஒரு நிகழ்வு நடந்தால் என்று எழுதி, அது நடக்காமல் காலம் கடந்துவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்று அதன் 35ஆவது பிரிவு சொல்கிறது. கருவி உங்கள் கையில் இருக்கிறது. படிவத்தில்தான் அதற்கு இடம் இல்லை.

விற்பவர் இப்படி ஒரு நிபந்தனைக்கு ஒப்புவாரா என்று கேட்பீர்கள். சிலர் ஒப்ப மாட்டார்கள். அதை முன்பணம் கைமாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஒப்புகிறவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் அல்லவா? அவர் வேறு ஆளுக்கு வீட்டைக் காட்டலாம். நல்ல விலை வந்தால் எங்களுக்கு எழுத்தில் தெரிவித்து, பத்து நாளுக்குள் நாங்கள் பாக்கியைக் கட்ட முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால், எங்களுக்கு வீடு விற்ற அந்த அம்மாள் நிச்சயம் ஒப்புக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒரு கெடு இருந்தது. கோயம்புத்தூரில் மகன் வீட்டருகே அவர் பார்த்து வைத்திருந்த குடியிருப்புக்கு எங்கள் பணம்தான் போக வேண்டும். ஓமலூர் நிலத்திலிருந்து கோயம்புத்தூர் வரை நான்கு குடும்பங்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தோம். யாருக்கும் அடுத்தவரின் முடிச்சு தெரியாது.

ஆகஸ்டில் கெடு கடந்தபோது அந்த அம்மாள், 'பரவாயில்லை கண்ணு, ஒரு மாதம் பொறுக்கிறேன்' என்று வாயால் சொன்னார். அவர் மகன் ஏற்கவில்லை. மூன்று இரவுகள் நான் தூங்கவில்லை. முன்பணம் போனால் அம்மாவின் நகையைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. கடைசியில் அந்த அம்மாளே மகனை அழைத்துவந்து, கெடுவை 45 நாள் நீட்டித்து எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அவருடைய பெருந்தன்மையால் தப்பினோம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் பெருந்தன்மையை நம்பியா ஒரு குடும்பம் தன் ஒரே சொத்தைக் கைமாற்ற வேண்டும்? எத்தனை நாள் நீட்டிக்கலாம், நீட்டிப்பு நாட்களுக்குப் பாக்கித் தொகைக்கு என்ன வட்டி என்பதை முதல் நாளே எழுதியிருந்தால், நான் அந்த வட்டியை மனநிறைவோடு கட்டியிருப்பேன்.

வங்கியின் நாட்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் வாங்கிய வீட்டின் மேல் கடன் இருந்தது. கடன் முழுவதும் அடைந்த பிறகு மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வங்கிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டித் தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டது; அது அந்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த 30 நாளும் வங்கிக்கு உரியவை. மூன்று மாதக் கெடுவில் ஒரு மாதம் அப்படியே போய்விடலாம். கடன் உள்ள சொத்து என்றால் கெடுவை அந்தக் கடன் அடையும் நாளிலிருந்து எண்ணுங்கள், ஒப்பந்த நாளிலிருந்து வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதுவும் சரியே. ஆனால் பதிந்த ஒப்பந்தம் முறிந்துபோனால், இரு தரப்பும் வந்து ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்து வாங்க வருபவரின் வங்கி அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் மற்ற மூன்று குடும்பங்களும் நிற்பது இதனால்தான். முன்பணம் வங்கி வழியாகத் திரும்பிய இத்தனை நாளுக்குள் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற வரியும் முதல் நாளே இருக்க வேண்டும்.

முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கச் சொல்லுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் எதிரே அமர்ந்திருக்கும் பலருக்குத் தெரியாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் ஒப்பந்த நாளிலேயே தொகையாகப் போட்டுக் காட்டுங்கள். விற்ற விலையும் வாங்கும் விலையும் சமம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு அந்த 9 சதவீதம்தான் கடைசி வாரத்தில் இடியாக விழுகிறது.

சுவாதீனம், அதாவது வீட்டைக் கையில் ஒப்படைப்பது, பற்றி எழுதும்போது என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. 'கிரய நாளன்றே காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது' என்பது உங்கள் படிவத்தின் வரி. ஆவணியில் எங்கள் வீடு பதிவானது. அன்று மாலையே சாவியைக் கொடுத்தோம். புது வீட்டின் மூலப் பத்திரங்கள் வங்கியிலிருந்து வந்து, பதிவு முடிந்து, நாங்கள் குடிபுக ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் குகையில் உறவினர் ஒருவரின் மாடியறையில் இருந்தோம். நடக்க முடியாத அம்மாவைப் படி ஏற்றி வைத்துக்கொண்டு! படி ஏற முடியாது என்பதற்காகத்தான் வீட்டையே விற்றோம். கிரயத்துக்குப் பிறகு 60 நாள்வரை இவ்வளவு வாடகை கொடுத்து விற்றவர் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்வரை வாங்கியவர் இவ்வளவு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வரி இருந்திருந்தால், எங்கள் வீட்டை வாங்கியவர் மறுத்திருக்க மாட்டார். பிறகு அவரே என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

இன்னொன்றையும் உங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் வேறு வீடு வாங்காவிட்டால் வரியிலேயே பாதி போய்விடும் என்று ஒரு தரகர் எங்களை விரட்டினார். அது உண்மையில்லை. நீண்ட காலம் வைத்திருந்த வீட்டை விற்றவர் வேறு வீடு வாங்க இரண்டு ஆண்டும், கட்டிக்கொள்ள மூன்று ஆண்டும் வருமான வரிச் சட்டம் தருகிறது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பயன்படுத்தாத லாபத்தை வங்கியில் அதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைத்தால் போதும். இது தெரிந்திருந்தால் முதலில் விற்று, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை வீட்டின் தரைத்தளத்தில் அம்மாவை அமர்த்திவிட்டு நிதானமாகத் தேடியிருப்போம்.

எங்கள் இரண்டு ஒப்பந்தங்களின் நகலும் என்னிடம் இருக்கின்றன. கெடுத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது பழைய படிவத்தை மாற்றி எழுத உட்காருவதாக இருந்தால், பெயர்களை மறைத்து அவற்றைக் கொண்டுவந்து தருகிறேன். வரும் ஆடிக்கு முன் அது நடந்தால் நல்லது. சித்திரையில் ஒப்பந்தம் போட வருபவர்கள் இப்போதே வீடு பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டையில் பிறந்து கன்னங்குறிச்சியில் குடியேறிய ஒரு பள்ளி ஆசிரியை