கடன் பில்களில் கெடு தேதி 00-00-0000 என்று விழுவது குறித்துப் புகார்

அனுப்புநர்: கணக்குப் பிரிவு, படகு இன்ஜின் உதிரிபாகக் கடை, காசிமேடு, சென்னை.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், பில்லிங் சாஃப்ட்வேர் நிறுவனம்.

ஐயா,

எங்கள் கடன் கணக்கு முழுவதும் உங்கள் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை நடப்பது அப்போதுதான். பிஸ்டன், பேரிங் எல்லாம் கடனுக்கே போகும்; படகு கடலுக்குப் போனபின் ஜூன் கடைசியில் வசூல். அந்த நேரத்தில் கேட்காவிட்டால் காசு டீசலுக்கும் ஐஸுக்கும் போய்விடும்.

இந்த முறை வசூல் பட்டியலில் மாதக்கடைசி கெடு வைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘கட்ட வேண்டிய தேதி: 00-00-0000’.

ஒன்றாம் தேதி தானாக ஓடி பில் போடும் உங்கள் ‘ஈவென்ட்’ (டேட்டாபேஸில் நேரம் குறித்து வைத்த வேலை), வருடம் மாதத்தோடு 31-ஐ ஒட்டிக் கெடு தேதி போடுகிறது. ஜூன் 31 ஏது? தப்பான தேதியை ஏற்காமல் பிழை காட்டும் ‘ஸ்ட்ரிக்ட் மோடு’ இல்லாததால், உங்கள் சாஃப்ட்வேரின் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் அதைத் தடுக்காமல் பூஜ்யத் தேதியாக எழுதிவிடுகிறது. பின்னணியில் ஓடுவதால் எச்சரிக்கையும் யார் திரையிலும் வராது.

உங்கள் சப்போர்ட் தம்பி சர்வரில் ஸ்ட்ரிக்ட் மோடை ஆன் செய்து, ‘சரியாயிடுச்சு சார்’ என்று டிக்கெட்டை மூடிவிட்டார். ஆகவில்லை. உருவாக்கியபோது இருந்த எஸ்க்யூஎல் மோடை (ஸ்ட்ரிக்ட் மோடு போன்றவை அடங்கிய அமைப்பை) ஈவென்ட் தன்னோடு வைத்துக்கொண்டு அதிலேயே ஓடும். சர்வரில் மாற்றியது அதற்குப் போய்ச் சேராது. ஈவென்ட்டின் விவரம் காட்டும் ‘ஷோ கிரியேட் ஈவென்ட்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். எஸ்க்யூஎல் மோடு இருக்கவேண்டிய கட்டம் இன்னும் காலி. வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய இதைப் பார்க்காமல் புகாரை மூடுவது என்ன நியாயம்?

மோடை மட்டும் மாற்றினாலும் தீராது. பிழை வந்து அந்த மாத பில்லே விழாமல் போகும். கெடு தேதியை, மாதத்தின் கடைசி நாளைத் தரும் ‘லாஸ்ட் டே’ ஃபங்ஷனால் கணக்கிடுங்கள். அப்புறம் ஸ்ட்ரிக்ட் மோடில் இருந்தபடி, ஈவென்ட்டை மாற்றும் ‘ஆல்டர் ஈவென்ட்’ கட்டளையைக் கொடுங்கள்; புது மோடு அதில் பதிவாகும். ஏற்கெனவே பூஜ்யமாகிப்போன ஏப்ரல், ஜூன் பில்களை 30-ஆம் தேதிக்குத் திருத்தித் தர வேண்டியதும் உங்கள் பொறுப்பே.

அடுத்து 30 நாள் மாதம் செப்டம்பர். அதன் ஒன்றாம் தேதிக்குள் முடித்து, திருத்திய ஈவென்ட்டுக்கு ‘ஷோ கிரியேட் ஈவென்ட்’ காட்டுவதை எழுத்தில் அனுப்புங்கள். அதுவரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்குப் பொறுப்பாளர்