ஒரே ஆர்டரில் இரண்டு பச்சை: கம்பளி நூல் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் நூலில் பின்னும் வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கம்பளி நூல் நிறுவனம்.

பொருள்: ஒரே ஆர்டரில் இரண்டு வெவ்வேறு சாய லாட் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயமேற்றிய நூல் தொகுதி) நூலை அனுப்பியது, பந்தின் லேபிளில் லாட் எண் அச்சிடாதது குறித்த புகார், மாற்று நூல் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் பாசிப்பச்சை நிறத்தில் 100 கிராம் கம்பளி நூல் பந்துகள் எட்டு வாங்கினேன். எட்டையும் ஒரே ஆர்டரில், ஒரே பணம் செலுத்தலில் வாங்கினேன். ஆர்டர் போடும்போது குறிப்பு எழுதும் இடத்தில், "எட்டும் ஒரே லாட்டில் வேண்டும்" என்றும் எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பியதில் இரண்டு லாட் கலந்திருந்தது. அதனால் முக்கால்வாசி முடிந்த ஒரு கார்டிகன் இப்போது யாரும் போட முடியாத நிலையில் இருக்கிறது.

இதை முதலில் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் எழுதினேன். "சாயத்தில் சிறு வேறுபாடு இயல்பு, நூலைப் பயன்படுத்திவிட்டதால் திரும்பப் பெற இயலாது" என்று பதில் வந்தது. கூடவே அடுத்த ஆர்டருக்கு ஒரு தள்ளுபடி கூப்பன். தொலைபேசியில் பேசியபோது, "பொழுதுபோக்குக்குப் பின்னுவதுதானே மேடம், கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் என்ன?" என்று கேட்டார்கள். அந்தப் பதிலுக்கும் அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். நான் வருஷத்துக்கு ஒரு பெரிய வேலை என்று வைத்துக்கொண்டு பின்னுகிறவள். நடுவில் தொப்பி, சாக்ஸ், குழந்தைகளுக்கான குட்டி ஸ்வெட்டர் எல்லாம் வந்து போகும். ஆனால் வருஷத்துக்கு ஒன்று வீட்டில் ஒருவருக்கு முழு உடுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இந்த வருஷம் அக்காவுக்கு. அவருக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்கித் தலை வழியாக எதையும் மாட்ட முடியாது. அதனால் முன்பக்கம் திறந்து பட்டன் போடுகிற கார்டிகன். நிறமும் அவரே தேர்ந்தெடுத்தது.

பார்சல் வந்த அன்றே பந்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். சந்தேகப்பட எதுவும் இல்லை. பந்தாகச் சுற்றிய நூலில் நிழலும் மடிப்பும் சேர்ந்து சின்ன நிற வித்தியாசத்தை மறைத்துவிடும். பின்னித் தட்டையாக விரித்தால்தான் அது வெளியே வரும். 4 மில்லிமீட்டர் ஊசியில் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அளந்தேன். 10 சென்டிமீட்டருக்கு 22 ஸ்டிட்ச், 30 வரிசை. அதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். பின்பக்கம் முடிந்தது, வலது முன்பக்கம் முடிந்தது, இடது முன்பக்கம் முடிந்தது, இரண்டு கைகளும் முடிந்தன. வீட்டு வேலையெல்லாம் ஒதுங்கிய பிறகு ராத்திரியில் எல்இடி விளக்கு வெளிச்சத்தில் பின்னுவதுதான் என் வழக்கம். அந்த வெளிச்சத்தில் எல்லாத் துண்டும் ஒரே பச்சைதான்.

துண்டுகளை இணைக்கலாம் என்று ஒரு காலை ஜன்னலோரம் விரித்தபோதுதான் தெரிந்தது. பின்பக்கமும் வலது முன்பக்கமும் மஞ்சள் சாயலான பச்சை. இடது முன்பக்கமும் கைகளும் நீலச் சாயலான பச்சை. கார்டிகனில் இடதும் வலதும் எங்கே சந்திக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நட்ட நடுவில், பட்டன் வரிசையில். முதுகுப்பக்கம் இருந்தால்கூட ஒருவேளை மறைந்திருக்கும். இது நெஞ்சுக்கு நேரே மேலிருந்து கீழ்வரை கோடு போட்டது மாதிரி தெரிகிறது.

ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் நிறம் தெரிவது உங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. திருப்பூரில் சாயமேற்றிய துணியை டி65 என்கிற பகல் வெளிச்ச விளக்கிலும் கடை விளக்கான டிஎல்84-லும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துத்தான் நிறத்தை ஒப்புக்கொள்வார்கள். ஒரே பனியனுக்கு இரண்டு சாய லாட் துணியிலிருந்து துண்டு வெட்டி இணைக்கக் கூடாது என்பது அங்கே வெட்டுகிற பகுதியில் அடிப்படைப் பாடம். தண்ணீரின் தன்மை, அதன் சூடு, சாயத்தில் நூல் கிடந்த நேரம், அடிக் கம்பளியின் வெளுப்பு, எதில் சின்ன மாற்றம் வந்தாலும் நிறம் நகரும். அதே செய்முறையில் போட்டாலும் நகரும். சரி, வேறுபாடு இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். இயல்பு என்பதால்தானே லாட் எண் என்ற ஒன்றே வந்தது?

என் புகாரின் மையம் இதுதான். இரண்டு லாட் என்று தெரிந்திருந்தால் அதற்கு வழி இருக்கிறது. ஒரு பந்திலிருந்து இரண்டு வரிசை, அடுத்த பந்திலிருந்து இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இரண்டு பச்சையும் கலந்து கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அல்லது ஒரு லாட்டை உடம்புக்கும் இன்னொன்றை ரிப் எனும் விளிம்புப் பட்டை, காலர், பட்டன் பட்டைக்கும் ஒதுக்கலாம். பின்னுகிற எவருக்கும் இது தெரியும். நூலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தகவலைத்தான் உங்கள் நிறுவனம் எனக்குக் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்க முடியவில்லை என்பதும் உங்கள் ஊழியரிடம் பேசியபோது புரிந்தது. லாட் எண்ணைப் பத்துப் பந்து அடங்கிய பெரிய பாக்கெட்டின் மேல் மட்டும் அச்சிடுகிறீர்கள். இணையத்தில் பந்து பந்தாக விற்கும்போது பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டிவிடுகிறீர்கள். எண் அதோடு போய்விடுகிறது. எட்டுப் பந்து கேட்டவருக்கு ஒரே தட்டிலிருந்து எட்டு எடுத்துப் போடுகிறார்கள். எடுத்துப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கே தெரிந்துகொள்ள வழியில்லை. பந்தைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் உங்கள் சின்னத்துக்கு இடம் இருக்கிறது, பூ வேலைப்பாட்டுக்கு இடம் இருக்கிறது. நாலைந்து இலக்கம் கொண்ட எண்ணுக்கு இடம் இல்லையா?

உங்கள் ஊழியர் கேட்ட "என்ன" என்ற கேள்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பின்பக்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 20,000 ஸ்டிட்ச். இப்போது நான் பிரிக்க வேண்டிய இடது முன்பக்கமும் இரண்டு கைகளும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாக வரும். பிரித்த நூல் உடனே பின்னவும் ஆகாது. சுருண்டு சுருண்டு நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். மூடுபனிக் காலத்தில் குன்னூரில் ஈரக் கம்பளி காய எவ்வளவு நேரமாகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் செய்தாலும் கையில் மிஞ்சுவது தவறான பச்சை நூல்தான். கூப்பன் இதில் எதைச் சரிசெய்யும்?

எங்களுடையது சின்னக் குழு. சனிக்கிழமை மதியம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மா இருக்கிறார், காணொளி பார்த்து நிட், பர்ல் என்ற அடிப்படைப் பின்னல்களைக் கற்றுக்கொண்டு இப்போது எங்களுக்கே சாக்ஸில் குதிகால் திருப்பச் சொல்லித் தரும் கல்லூரி மாணவி இருக்கிறாள். டிசம்பர் குளிருக்குள் முதியோர் இல்லத்துக்குச் சில போர்வைகள் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பொது இலக்கு. ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி, கடைசியில் உட்கார்ந்து இணைப்போம். அந்த வேலையில் நிற வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை, பார்க்கப் போனால் அதுதான் அழகு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னும் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். எத்தனையோ வீடுகளிலிருந்து, எத்தனையோ கைகளிலிருந்து வந்த பல நிறச் சதுரங்கள் அவை. ஆனால் அக்காவின் கார்டிகன் ஒரே நிற உடுப்பு. எது எதற்கு ஒரே லாட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியது பின்னுகிறவர். உங்கள் தட்டு அல்ல.

அந்தப் பெண்கள் செய்ததும், நாங்கள் சனிக்கிழமைகளில் செய்வதும் பொழுதுபோக்குதான். அந்தச் சொல்லில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பணம் வாங்காமல் செய்கிற வேலை என்பதால் அதில் கவனம் குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள். கூலிக்குச் செய்கிறவருக்காவது முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் இருக்கும், "இது போதும்" என்று விடலாம். அக்காவுக்குப் பின்னும்போது எனக்கு அப்படி விட மனசு வராது. உங்கள் நூலை நாங்கள் பல வருஷமாக வாங்குவதும் அது நல்ல நூல் என்பதால்தான். உடம்பில் உறுத்தாது, துவைத்தால் உருக்குலையாது, முடிச்சு குறைவு. நூல் மட்டமாக இருந்திருந்தால் இத்தனை நீளக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், வேறு நூல் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

இப்போது என் கோரிக்கை. பின்பக்கம் பின்னிய லாட்டில் நூல் இருப்பில் இருந்தால், இடது முன்பக்கத்துக்கும் கைகளுக்கும் போதுமான நான்கு பந்துகளை உங்கள் செலவில் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு லாட்டிலிருந்தும் நூல் துண்டுகளை அட்டையில் ஒட்டி இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த லாட் தீர்ந்துவிட்டிருந்தால் வேறு ஒரே லாட்டில் எட்டுப் பந்துகள் வேண்டும், நான் முதலிலிருந்து பின்னிக்கொள்கிறேன். பின்னாத நூல் மீதம் இருக்கிறது, கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். பணத்தைத் திருப்பித் தருவதோடு முடித்துக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

அப்புறம், ஒவ்வொரு பந்தின் லேபிளிலும் லாட் எண் அச்சிட வேண்டும். ஆர்டர் முழுவதையும் ஒரே லாட்டில் நிறைவேற்ற முடியாவிட்டால் பார்சல் கிளம்புவதற்கு முன்னால் வாங்கியவரிடம் சொல்ல வேண்டும். லேபிளில் கிராமோடு மீட்டர் அளவும் இருந்தால் எத்தனை பந்து தேவை என்று கணக்கிட எங்களுக்கு உதவும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் குறைதீர்ப்பு அலுவலர் தர வேண்டும். முன்பு வந்த மின்னஞ்சலில் அவர் பெயரும் இல்லை, புகார் எண்ணும் இல்லை. இந்த முறை இரண்டையும் எதிர்பார்க்கிறேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் பலன் இல்லையென்றால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவ்வளவு தூரம் போகாமல் நீங்களே முடித்துக்கொடுத்தால், குளிர் தொடங்குவதற்குள் அக்காவுக்கு இதைப் பின்னி முடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், குன்னூர்.

இணைப்பு: ஆர்டர் ரசீது நகல், ஆர்டரில் எழுதிய குறிப்பின் நகல், பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் எடுத்த புகைப்படங்கள், இரண்டு லாட் நூல் துண்டுகள் ஒட்டிய அட்டை, உங்கள் வாடிக்கையாளர் சேவை அனுப்பிய மின்னஞ்சல்.